"வேணும்" என்ற சொல்லும் "விசுவசிக்கிறேன்" என்ற சொல்லும்
புனித சவேரியார் நம் முன்னோருக்குக் கற்றுத்தந்த விசுவாசப் பிரமாணம்



ஞாயிறு திருப்பலியில் மறையுரை முடிந்ததும் நாம் எல்லோரும் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணத்தைச் சொல்கிறோம். செபமாலையைத் தொடங்கும்போதும் பாடுபட்ட சுரூபத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இதைத்தான் முதலில் சொல்கிறோம். நம் பாட்டிமார் இதை விசுவாச மந்திரம் என்பார்கள். சிறு வயதிலேயே மனப்பாடம் ஆகிவிட்ட செபம் என்பதால் வாய் தானாகவே சொல்லி முடித்துவிடுகிறது. மனமோ அதற்குள் வீட்டுக்குப் போய் அடுப்பங்கரையை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியும் வந்துவிடுகிறது.

இந்தச் செபத்தில் ஒரே ஒரு சொல் தவறாக இருப்பதைக் கண்டு, அதை மாற்றிச் சொல்லிக்கொடுக்கும்படி தம் தோழருக்குக் கடிதம் எழுதிய புனிதர் ஒருவர் இருக்கிறார். அந்தத் தவறு நேர்ந்தது நம் தமிழில். அந்த மொழிபெயர்ப்பைச் செய்தவர்களில் அவரும் ஒருவர். அவர்தாம் புனித பிரான்சிஸ் சவேரியார். அவருடைய வாழ்க்கையை இந்த ஒரு செபத்தின் வழியாகப் பார்த்தால், நாம் தினமும் சொல்லும் வார்த்தைகளின் பொருள் நமக்குப் புதிதாக விளங்கும்.

கோட்டையில் பிறந்தவர்

சவேரியார் 1506ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் நவார் நாட்டில் பிறந்தார். இன்று அந்தப் பகுதி ஸ்பெயினின் வடக்கே இருக்கிறது. அவர் பிறந்த சவியேர் கோட்டையின் பெயரே அவருக்கும் பெயராக நிலைத்தது. தந்தை நவார் அரசரிடம் உயர்ந்த பதவி வகித்தவர். ஆனால் அந்தச் செல்வாக்கு நீடிக்கவில்லை. 1512இல் நவார் நாடு பகைவர் வசமானது. 1515இல் தந்தை இறந்தார். அடுத்த ஆண்டு கோட்டையின் மதில்களும் கோபுரங்களும் இடித்துத் தள்ளப்பட்டன. பத்து வயதுச் சிறுவனாக இருந்த பிரான்சிஸ் இவற்றையெல்லாம் தம் கண்ணால் பார்த்து வளர்ந்தார். வீட்டில் அவர் பேசிப் பழகிய மொழி பாஸ்க்.

1525இல் அவர் பாரிஸ் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கச் சென்றார். குடும்பம் இழந்த பெருமையைப் படிப்பால் மீட்க வேண்டும், பட்டம் வேண்டும், பம்ப்லோனா மறைமாவட்டப் பேராலயத்தில் நல்ல வருமானமுள்ள ஒரு பதவி வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த நாள்களில் அவர் மனத்தை ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்: வேண்டும்.

புனித பார்பரா கல்லூரியில் பேதுரு பேபர் அவருடன் ஒரே அறையில் தங்கியிருந்தார். 1529இல் அவர்களோடு வந்து சேர்ந்தவர் லொயோலா இஞ்ஞாசியார். பேபர் விரைவில் இஞ்ஞாசியாரின் வழிக்கு வந்துவிட்டார். சவேரியார் எளிதில் வரவில்லை. பல ஆண்டுகள் இஞ்ஞாசியார் பொறுமையாகக் காத்திருந்தார். கடைசியில் சவேரியாரும் தம்மை இறைவனுக்குக் கையளித்தார். 1534 ஆகஸ்டு 15, அன்னை மரியாவின் விண்ணேற்புத் திருநாளன்று, மோன்மார்த்ர் குன்றில் ஏழு நண்பர்கள் வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். இயேசு சபையின் தொடக்கம் அதுவே. 1537இல் சவேரியார் வெனிஸ் நகரில் குருப்பட்டம் பெற்றார்.

1540இல் போர்த்துக்கல் அரசர் கேட்டதற்கிணங்க இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியவர் வேறொருவர். அவர் நோய்வாய்ப்பட்டார். அவருக்குப் பதிலாகப் போகும்படி இஞ்ஞாசியார் கேட்டதும் சவேரியார் உடனே புறப்பட்டார். 1541 ஏப்ரல் 7ஆம் நாள், தம் 35ஆவது பிறந்த நாளில், லிஸ்பனில் கப்பல் ஏறினார். 13 மாதப் பயணத்துக்குப் பிறகு 1542 மே 6ஆம் நாள் கோவாவில் இறங்கினார்.

பெயரளவில் கிறிஸ்தவர்கள்

அந்த ஆண்டு அக்டோபரில் அவர் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். கோவாக் கல்லூரியில் படித்த, தமிழ் தெரிந்த மூவர் அவருடன் வந்தனர்.

இக்கடற்கரையின் பரதவ மக்கள் அதற்கு ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன்பே திருமுழுக்குப் பெற்றிருந்தார்கள். முத்துக்குளிப்பு உரிமை பற்றிய சச்சரவில் அவர்கள் பெரும் துன்பத்துக்கு ஆளானார்கள். தங்களைக் காப்பாற்றும்படி போர்த்துக்கீசியரிடம் முறையிட்டார்கள். 1535 முதல் 1537 வரை ஏறத்தாழ 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றனர். அவர்களுக்குத் தேவைப்பட்டது பாதுகாப்பு. அது கிடைத்தது. ஆனால் அதன்பின் அவர்களோடு தங்கி வேதம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

ஊர் ஊராக நடந்த சவேரியார் இதை நேரில் கண்டார். நீங்கள் யார் என்று கேட்டால் கிறிஸ்தவர்கள் என்று சொன்னார்கள். அதற்கு மேல் கேட்டால் அவர்களுக்குப் பதில் தெரியவில்லை. விசுவாச மந்திரமோ பரலோக மந்திரமோ மங்கள வார்த்தை மந்திரமோ கற்பனைகளோ அவர்களுக்குத் தெரியாது. அது அவர்கள் குற்றம் அன்று. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இந்தப் பயணத்தின்போது நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சவேரியார் இஞ்ஞாசியாருக்கு எழுதியிருக்கிறார். கிறிஸ்தவர் அல்லாத ஓர் ஊரில் ஒரு பெண் மூன்று நாள்களாகப் பிரசவ வேதனையில் தவித்துக்கொண்டிருந்தார். பிழைக்கமாட்டார் என்று எல்லோரும் கைவிட்டிருந்தனர். சவேரியார் அந்த வீட்டுக்குள் போனார். முதலில் அவர் செய்தது, உடன் வந்தவரின் உதவியோடு விசுவாசப் பிரமாணத்தை அப்பெண்ணுக்கு விளக்கிச் சொன்னதுதான். அந்தப் பெண் அதைக் கேட்டு ஏற்றுக்கொண்டார். பின்னர் நற்செய்தி வாசித்துத் திருமுழுக்குக் கொடுத்தார். பிள்ளை நலமாகப் பிறந்தது. அந்த ஊர் கொம்புத்துறை என்று மரபு சொல்கிறது.

சாவின் விளிம்பில் இருக்கும் ஒருவருக்கு நீண்ட உரை எதற்கு என்று நமக்குத் தோன்றலாம். யாரை நம்பி நம்மை ஒப்படைக்கிறோம் என்று தெரியாமல் திருமுழுக்குப் பெறுவதில் பொருள் இல்லை என்பதைச் சவேரியார் அறிந்திருந்தார்.

தமிழ் தெரியாத போதகர்

சவேரியாருக்குப் பல மொழிகளில் பேசும் வரம் இருந்தது என்று நம் ஊர்களில் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவருடைய கடிதங்களோ வேறு கதை சொல்கின்றன. மக்கள் பேசுவது தமக்கு விளங்கவில்லை, தாம் பேசுவது அவர்களுக்கு விளங்கவில்லை, அவர்கள் மொழி ஒன்று, தம் மொழி பாஸ்க் என்று அவர் ஒளிக்காமல் எழுதினார். மொழிபெயர்ப்பாளர் நோயுற்றுப் படுத்த நாள்களில் அவர் தனியே திண்டாடினார். பச்சிளங்குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்கவும், ஏழையின் பசியைப் புரிந்துகொள்ளவும் மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை என்று சொல்லித் தம்மைத் தேற்றிக்கொண்டார்.

ஆகவே அவர் ஒரு காரியம் செய்தார். தமிழும் போர்த்துக்கீசியமும் ஓரளவு தெரிந்தவர்களைத் தேடிப்பிடித்து ஒன்றாக உட்கார வைத்தார். பல நாள்கள் பெரும் பாடுபட்டுச் சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனைகள், பரலோக மந்திரம், மங்கள வார்த்தை மந்திரம், கிருபை தயாபத்து மந்திரம், பாவ அறிக்கை ஆகியவற்றைத் தமிழாக்கினார்கள். பாரிஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று அங்கேயே பாடம் சொல்லிக்கொடுத்தவர், 36 வயதில், எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையைப் போல அவற்றை மனப்பாடம் செய்தார்.

பிறகு கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். மணி அடித்துச் சிறுவர்களையும் ஆண்களையும் கூட்டி, நாளுக்கு இருமுறை செபங்களைச் சொல்லிக்கொடுத்தார். ஒரு மாதத்தில் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பிள்ளைகள் தங்கள் தாய் தந்தையருக்கும் வீட்டிலுள்ளோருக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அவர் கட்டளை. தாம் அடுத்த ஊருக்குப் போகும்போது, ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்து, இந்தச் செபங்கள் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்ளச் செய்தார். நம் முன்னோரின் வீடுகளில் முதல் மறைக்கல்வி ஆசிரியர்கள் அந்தச் சிறு பிள்ளைகளே.

ஞாயிறுதோறும் ஆண், பெண், சிறுவர் அனைவரையும் கூட்டினார். விசுவாசப் பிரமாணத்தை முதலில் முழுவதும் சொல்வார். மக்கள் அவரைப் பின்தொடர்ந்து சொல்வார்கள். பின்னர் அதன் பன்னிரண்டு பிரிவுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, இதை உறுதியாக விசுவசிக்கிறீர்களா என்று கேட்பார். மக்கள் கைகளை மார்பின்மேல் சிலுவையாக வைத்துக்கொண்டு, உரத்த குரலில், விசுவசிக்கிறோம் என்பார்கள். ஒவ்வொரு பிரிவுக்குப் பிறகும், அதைச் சந்தேகமின்றி விசுவசிக்கும் வரத்தை இயேசுவிடம் கேட்டு ஒரு பரலோக மந்திரம். அந்த வரத்தைத் தம் மகனிடம் பெற்றுத்தரும்படி அன்னையிடம் வேண்டி ஒரு மங்கள வார்த்தை மந்திரம். மற்றச் செபங்களைவிட விசுவாசப் பிரமாணத்தையே அதிகமுறை சொல்லவைத்தார். இந்தப் பன்னிரண்டையும் விசுவசிப்பதால்தான் ஒருவர் கிறிஸ்தவர் எனப்படுகிறார் என்று அவர்களுக்கு விளக்கினார். அந்நாள்களில், திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்துக் கை சோர்ந்தது. விசுவாசப் பிரமாணத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் குரல் கம்மியது.

தவறிய ஒரு சொல்

இப்படிப் பாடுபட்டு உருவாக்கிய தமிழ்ச் செபத்தில்தான் ஒரு பிழை இருந்தது. நாட்கள் செல்லச் செல்ல, மொழி சற்றுப் பிடிபட்டபோது அதைச் சவேரியார் கண்டுகொண்டார். தம்மோடு பணியாற்றிய பிரான்சிஸ்கோ மன்சிலாஸ் என்பவருக்கு எழுதிய கடிதம் ஒன்றில் திருத்தத்தைச் சொன்னார்.

கடவுளை விசுவசிக்கிறேன் என்று வர வேண்டிய இடத்தில், எனக்கு வேணும் என்று மொழிபெயர்த்திருந்தார்கள். வேணும் என்றால் ஆசைப்படுகிறேன் என்று பொருள். ஆகையால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, விசுவசிக்கிறேன் என்று சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று மன்சிலாசுக்கு அறிவுறுத்தினார். அதே கடிதத்தில் இன்னொரு திருத்தமும் உண்டு. கிறிஸ்து பாடுபட்டதைச் சொல்லும் பகுதியில், பலவந்தத்தினால் என்று பொருள்படும் ஒரு சொல் புகுந்திருந்தது. கிறிஸ்துவை யாரும் வற்புறுத்திப் பாடுபட வைக்கவில்லை, அவர் மனமுவந்தே பாடுபட்டார், எனவே அந்தச் சொல்லையும் நீக்க வேண்டும் என்றார்.

சகோதர சகோதரிகளே, ஆயிரக்கணக்கான மக்கள் ஏற்கெனவே மனப்பாடம் செய்துவிட்ட ஒரு செபத்தை மாற்றுவது எளிதன்று. கற்றுக்கொடுத்தவரே, நான் சொன்னது தவறு, இனி இப்படிச் சொல்லுங்கள் என்று ஊர் ஊராகச் சொல்ல வேண்டும். மக்கள் மனத்தில் பக்தி இருக்கிறது, ஒரு சொல் எப்படி இருந்தால் என்ன என்று அவர் விட்டிருக்கலாம். விடவில்லை. ஏனெனில் அந்த ஒரு சொல்லில் செபத்தின் பொருளே மாறிவிடுகிறது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம் செபங்களில் பெரும்பாலானவை வேண்டுதல்கள். பிள்ளைக்கு வேலை வேண்டும், மகளுக்கு வரன் வேண்டும், நோய் தீர வேண்டும், கடன் அடைய வேண்டும். இவை தவறல்ல. கேட்கும்படி ஆண்டவரே சொல்லியிருக்கிறார். அவர் கற்பித்த செபத்திலும் அன்றாட உணவைக் கேட்கிறோம். ஆனால் விசுவாசப் பிரமாணத்தைத் தொடக்கம் முதல் முடிவுவரை சொல்லிப் பாருங்கள். அதில் ஒரு விண்ணப்பம்கூட இல்லை. எனக்கு இது வேண்டும் என்று ஓரிடத்திலும் வரவில்லை. தந்தை படைத்தார், மகன் மனிதரானார், பாடுபட்டார், இறந்தார், உயிர்த்தார், தூய ஆவியார் திருச்சபையில் வாழ்கிறார், பாவ மன்னிப்பு உண்டு, உடலின் உயிர்ப்பு உண்டு, முடிவில்லா வாழ்வு உண்டு. இறைவன் செய்ததையும் செய்யப்போவதையும் சொல்லி, அவர்மேல் என் வாழ்வை ஊன்றுகிறேன் என்பதே இந்தச் செபம்.

திருப்பலியின் ஒழுங்கும் இதையே காட்டுகிறது. விசுவாசப் பிரமாணத்தைச் சொன்ன பிறகுதான் விசுவாசிகளின் மன்றாட்டு வருகிறது. யாரிடம் கேட்கிறோம் என்பதை முதலில் அறிக்கையிட்டுவிட்டுப் பிறகு கேட்கிறோம். சவேரியாரும் கடற்கரையில் அப்படித்தான் செய்தார். ஒரு பிரிவை விசுவசிக்கிறோம் என்று சொன்ன பிறகே பரலோக மந்திரம். அங்கே அவர்கள் கேட்டதும் இன்னும் உறுதியான விசுவாசத்தையே.

சோதனை வந்தபோது

அந்தச் சொல்லின் பொருளை நம் முன்னோர் வாழ்ந்து அறிய வேண்டிய நாளும் வந்தது. 1544இன் நடுவில் வடுகர் படைகள் தென்கடற்கரை ஊர்களில் புகுந்தன. வீடுகள் கொள்ளை போயின, பலர் சிறைபிடிக்கப்பட்டனர். குமரிமுனைப் பகுதி மக்கள் உயிர் தப்பக் கடலிலுள்ள பாறைகளில் ஏறிக்கொண்டார்கள். அங்கே தண்ணீரும் உணவும் இல்லை. பசியாலும் தாகத்தாலும் மடிந்தார்கள்.

மணப்பாட்டில் இருந்த சவேரியாருக்குச் செய்தி வந்தது. 20 தோணிகளில் உணவும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். எதிர்க்காற்று அவர்களைப் போகவிடவில்லை. துடுப்புப் போட்டும் முடியவில்லை. கயிறு கட்டி இழுத்தும் முடியவில்லை. பின்னர் கரைவழியே போய் மக்களைச் சந்தித்தார். நடக்க முடியாத முதியவர்களையும், வழியிலேயே பிள்ளை பெற்ற தாய்மாரையும், உண்ண எதுவுமில்லாத குடும்பங்களையும், இறந்து கிடந்தவர்களையும் கண்டு மனம் கலங்கினார். மற்ற ஊர்களில் உணவு திரட்டும்படி மன்சிலாசுக்கு எழுதினார்.

பாதுகாப்பு வேண்டும் என்று தொடங்கிய மக்களுக்கு அந்தப் பாதுகாப்பே கைகொடுக்காமல் போன நேரம் அது. கேட்டது கிடைக்கவில்லை என்றால் செபமும் விசுவாசமும் முடிந்துபோகுமா? முடிந்துபோகவில்லை. 480 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கடற்கரை ஊர்களில் அந்தச் செபம் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

அதே 1544இல் மன்னார்த் தீவில் சவேரியார் அனுப்பிய குரு ஒருவரிடம் திருமுழுக்குப் பெற்ற மக்களை யாழ்ப்பாண மன்னன் கொன்று குவித்தான். 600 முதல் 700 பேர்வரை உயிர் கொடுத்ததாக வரலாறு சொல்கிறது. அவர்கள் திருமுழுக்குப் பெற்றுச் சில மாதங்களே ஆகியிருந்தன. அவர்களை நாம் மன்னார் மறைசாட்சிகள் என்று நினைவுகூருகிறோம்.

கிறிஸ்துவின் பாடுகள் பற்றிய அந்த இரண்டாவது திருத்தத்தை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால் அதன் ஆழம் தெரியும். பலவந்தத்தால் துன்பப்படுகிறவர்களாக மக்கள் இருந்த காலம் அது. அவர்களுக்கு அறிவிக்கப்பட்ட ஆண்டவர், வேறு வழியின்றி மாட்டிக்கொண்டு சிலுவையில் இறந்தவர் அல்லர். நம்மீது கொண்ட அன்பினால் தாமே தம்மைக் கையளித்தவர். துன்பத்தில் இருப்பவனுக்கு இந்த வேறுபாடு பெரிய ஆறுதல்.

1544இன் இறுதியில் சவேரியார் திருவிதாங்கூர்க் கடற்கரைக்குப் போனார். ஒரே மாதத்தில் 10,000க்கும் மேற்பட்ட முக்குவர் மக்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்ததாக எழுதினார். அங்கும் முறை அதுவே. அவர்கள் மொழியில் விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லிக்கொடுத்து, விளக்கி, ஒவ்வொன்றையும் விசுவசிக்கிறீர்களா என்று கேட்ட பின்னரே திருமுழுக்கு.

தூரத்து நாடுகளிலும்

1545இல் மயிலாப்பூரில் புனித தோமாவின் கல்லறையருகே நான்கு மாதங்கள் செபத்தில் கழித்துவிட்டு, மலாக்காவுக்குக் கப்பலேறினார். அங்கே போய்ச் சேர்ந்ததும் அவர் முதலில் கையிலெடுத்த வேலைகளுள் ஒன்று, விசுவாசப் பிரமாணத்தையும் மற்றச் செபங்களையும் மலாய் மொழியில் ஆக்குவது. 1546இல் மொலுக்கஸ் தீவுகளுக்குப் போனார். அங்கே தெர்னாத்தே தீவில், மக்கள் எளிதில் மனத்தில் வைத்துக்கொள்ளும்படி, விசுவாசப் பிரமாணத்துக்கு விரிவான விளக்கம் ஒன்றை எழுதினார்.

1549 ஆகஸ்டு 15இல் ஜப்பானில் கால்வைத்தார். அங்கும் சொல் ஒன்று அவரைத் தடுமாறச் செய்தது. கடவுள் என்பதற்கு, தைநிச்சி என்ற சொல்லைச் சொல்லும்படி உடன் வந்த ஜப்பானியர் ஆலோசனை கூறினார். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகே அது புத்த சமயப் பிரிவு ஒன்றில் வணங்கப்படும் புத்தரின் பெயர் என்று தெரிந்தது. உடனே அந்தச் சொல்லைக் கைவிட்டார். இலத்தீன் சொல்லான தேயுஸ் என்பதையே ஜப்பானிய வாயில் வரும்படி சொல்லச் செய்தார். தமிழகக் கடற்கரையில் ஒரு சொல்லைத் திருத்தத் தயங்காதவர் ஜப்பானிலும் தயங்கவில்லை. தம் மதிப்புக் குறைந்துவிடுமே என்று அவர் கவலைப்படவில்லை.

தாம் அரைகுறையாகக் கற்ற தமிழை முறையாகக் கற்க மற்றொருவரை இறைவன் அனுப்பினார். 1547இல் முத்துக்குளித்துறைக்கு வந்த அருட்தந்தை ஹென்றிக் ஹென்றிக்கஸ் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே பேசும் அளவுக்குத் தமிழ் கற்று, போர்த்துக்கீசியத்தில் தமிழ் இலக்கணம் எழுதினார். அவருடைய காலத்தில் செபங்களின் தமிழ் இன்னும் செப்பமானது. 1554இல் லிஸ்பனில், உரோமை எழுத்துகளில், தமிழ்ச் செபங்கள் அச்சேறின. 1578இல் ஹென்றிக்கசின் தம்பிரான் வணக்கம் கொல்லத்தில் தமிழ் எழுத்துகளிலேயே அச்சிடப்பட்டது. இந்திய எழுத்துகளில் இந்தியாவில் அச்சாகி இன்று கிடைக்கும் நூல்களில் அதுவே மிகப் பழையது. 16 பக்கங்கள் கொண்ட செப நூல் அது. மணியடித்துத் தொடங்கிய வேலை இவ்வாறு அச்சுவரை வந்து சேர்ந்தது.

தாய்மொழியில் இறுதி வார்த்தைகள்

1552இல் சவேரியார் சீனாவுக்குள் போக விரும்பினார். வெளிநாட்டாருக்குச் சீனா அப்போது மூடிக் கிடந்தது. கரைக்கு அருகிலுள்ள சான்சியன் தீவில், தம்மை இரகசியமாக அழைத்துச் செல்வதாக வாக்களித்த வணிகரின் படகுக்காகக் காத்திருந்தார். படகு வரவில்லை. நவம்பரில் காய்ச்சல் கண்டது. உடனிருந்தவர்கள் அந்தோனி என்ற சீன இளைஞரும் ஒரு பணியாளும் மட்டுமே. 1552 டிசம்பர் 3ஆம் நாள் அதிகாலையில், 46ஆம் வயதில், இயேசுவின் திருப்பெயரை உச்சரித்தபடி உயிர்விட்டார்.

கடைசி நாள்களில் அவர் தமக்குப் புரியாத ஒரு மொழியில் பேசினார் என்று அந்தோனி பின்னர் எழுதிவைத்தார். அது அவர் தாய்மொழியான பாஸ்க் ஆக இருந்திருக்கும் என்று பலர் கருதுகிறார்கள். தமிழ், மலாய், ஜப்பானியம் என்று மக்களின் தாய்மொழிகளில் விசுவாசப் பிரமாணத்தைக் கொண்டுபோனவர், கடைசியில் தம் தாயிடம் கற்ற மொழிக்கே திரும்பியிருக்கலாம். அவர் கேட்ட சீனா அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் விசுவசித்த ஆண்டவர் அவரைக் கைவிடவில்லை.

1622 மார்ச் 12ஆம் நாள், திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி, சவேரியாரையும் இஞ்ஞாசியாரையும் ஒரே நாளில் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். 1927இல் குழந்தை இயேசுவின் புனித தெரேசாவோடு சவேரியாரும் மறைபரப்புப் பணியின் பாதுகாவலராக அறிவிக்கப்பட்டார். அவருடைய திருவுடல் கோவாவில் பொம் ஜேசு பசிலிக்காவில் வைக்கப்பட்டுள்ளது.

நாம் செய்யக்கூடியது

அன்பார்ந்தவர்களே, சவேரியார் திருத்திக்கொடுத்த சொல்லை நாம் சரியாகவே உச்சரிக்கிறோம். விசுவசிக்கிறேன் என்று பழைய வாய்பாட்டிலும், நம்புகிறேன் என்று இன்றைய திருப்பலியிலும் சொல்கிறோம். ஆனால் வாய் விசுவசிக்கிறேன் என்று சொல்லும்போது உள்ளம் வேணும் என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். கேட்டது கிடைத்தால் கோவில், கிடைக்காவிட்டால் கோபம் என்று நம் விசுவாசம் ஆகிவிடலாம். நேர்ச்சை நிறைவேறவில்லை என்று ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டவர்கள் நம் எல்லாப் பங்குகளிலும் இருக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்வதற்கு முன், அவர்களுக்கு இந்தச் செபத்தின் பொருளை நாம் சொல்லிக்கொடுத்தோமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சவேரியார் நமக்கு விட்டுச்சென்ற முறை எளிது. வாரத்தில் ஒரு நாள், குடும்ப செபத்தில், விசுவாசப் பிரமாணத்தை ஒரே மூச்சில் சொல்லாமல், ஒரு பிரிவை மட்டும் எடுத்துக்கொள்வோம். வீட்டில் பெரியவர் ஒருவர் அதன் பொருளை இரண்டு வார்த்தையில் சொல்லட்டும். தெரியாவிட்டால் மறைக்கல்விக்குப் போகும் பிள்ளை சொல்லட்டும். அன்றும் பிள்ளைகள்தானே பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்! பிறகு, இதை உறுதியாக விசுவசிக்கிறோமா என்று கேட்டு, கைகளை மார்பில் வைத்து மறுமொழி சொல்லி, ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள் நிறைந்த மரியேயும் சொல்வோம். பன்னிரண்டு வாரங்களில் முழுச் செபமும் நம்முடையதாகிவிடும்.

நம் பிள்ளைகளின் திருமுழுக்கின்போது குருவானவர் பெற்றோரிடமும் ஞானப்பெற்றோரிடமும் கேட்கும் கேள்விகளும், பாஸ்கா திருவிழிப்பில் மெழுகுதிரி ஏந்தி நாம் மறுமொழி சொல்லும் கேள்விகளும், அன்று கடற்கரை மணலில் சவேரியார் கேட்ட அதே கேள்விகள்தாம். வரும் ஞாயிறு எழுந்து நிற்கும்போது அந்த முதல் சொல்லை மட்டுமாவது நிதானமாகச் சொல்வோம். கேட்க வேண்டியவற்றை அடுத்து வரும் மன்றாட்டில் கேட்டுக்கொள்ளலாம்.

புனித பிரான்சிஸ் சவேரியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.